வெட்டிய நாற்பத்தெட்டு விநாடி

போர்க்காலப் பாட்டுகளையும் அவற்றைக் கேட்டுக் கிறங்கிய ரசிகர்களையும் பற்றி ஆராய வந்திருக்கிற பிள்ளைகளே, போன வாரம் உங்களில் மூன்று பேர் தனித்தனியாக வந்து என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். பழைய ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்ய எந்த மென்பொருள் நல்லது என்று. எனக்குத் தெரியாது. நான் ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகிறது. நான் பயன்படுத்திய மென்பொருளை இப்போது அருங்காட்சியகத்தில்தான் தேட வேண்டும். ஆனால் ‘சுத்தம் செய்வது’ என்று நீங்கள் சொன்னதும் நான் பேச்சை மாற்றிவிட்டேன். ஏன் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஒரே அவமானத்தை மூன்று பேரிடம் மூன்று தடவை சொல்லத் தெம்பு இல்லை. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட காலம் எழுபத்தொன்றாம் ஆண்டில் பாகிஸ்தானோடு நடந்த போரும் அதற்கு முன்னும் பின்னுமான சில மாதங்களும். போரைப் பற்றித் தளபதிகள் எழுதினார்கள், தலைவர்கள் எழுதினார்கள். எனக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. எல்லையிலிருந்து இத்தனை தூரத்தில், மழையே எட்டிப் பார்க்காத இந்தக் கரிசல் காட்டில், தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பாட்டுகளைக் கேட்டு என்ன செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

அவர்கள் கார்டு போட்டார்கள். படைவீரர்களுக்காக வானொலியில் ஒரு நேயர் விருப்ப நிகழ்ச்சி வரும். ஒரு பாட்டைக் கேட்டு அஞ்சலட்டை போட்டால், பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் கேட்டவர்களின் பெயர்களை வாசிப்பார். மற்ற ஊர்களில் ஒரு கார்டுக்கு ஒரு பெயர், மிஞ்சினால் ஒரு குடும்பம். எங்கள் பக்கத்தில் ஒரு கம்பெனிக்கு ஒரு கார்டு. எழுதத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து, இண்டு இடுக்கு விடாமல், முகவரிக்குப் பக்கத்தில்கூடப் பெயர்களை நுணுக்கி எழுதுவார். இருபது பெயர், முப்பது பெயர். வேலை பார்க்கிற அத்தனை பேரும் அதில் இருந்தாக வேண்டும். ஒரு பெயர் விடுபட்டால் மறுநாள் கம்பெனியில் பெரிய சண்டை நடக்கும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தத் தப்பைச் செய்தேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்னத் தப்பு. ஆய்வு தொடங்கிய புதிதில் மல்லாங்கிணற்றில் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரியைப் பார்க்கப் போனேன். போர்க்காலத்தில் அவர் அந்தப் பாட்டுகளுக்குப் பைத்தியமாக இருந்தவர் என்று சொல்லியிருந்தார்கள். பருத்திக் காட்டு வரப்பில் உட்காரவைத்து, நாட்டுப்பற்று, வீரம், தியாகம் என்று நான் தயாரித்து வைத்திருந்த கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. சண்டை முடிஞ்சிருச்சுன்னு சொன்னப்ப எனக்கு வருத்தமாப் போச்சு” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஏங்க?”

“அந்தப் பாட்டுகள நிப்பாட்டிட்டாகள்ல? சாயங்காலம் ஏர் அவுத்துட்டு வந்தா கேக்குறதுக்கு ஒண்ணுமில்லாமப் போச்சு. செத்தவுகள நெனைக்காம இப்பிடி இருக்கமேன்னு எனக்கே வெக்கமாத்தான் இருந்துச்சு. ஆனா நெசம் அதுதான்.”

இதைவிட நேர்மையான ஒரு ரசிகரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பேட்டியை என் ஆய்வேட்டில் சேர்க்கவில்லை. படிக்கிறவர்கள் அந்த மனிதரைத் தப்பாக நினைப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் வாதத்துக்கு அவர் இடைஞ்சலாக இருந்தார். இடைஞ்சலாக இருக்கிறதை நறுக்கிவிடுகிற பழக்கம் அங்கேதான் ஆரம்பித்தது. எனக்கு அப்போது அது தெரியவில்லை.

என்னை ஆய்வுக்கு ஆளாக்கிய வழிகாட்டியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். சங்கீதத்தில் பழுத்தவர், கோபக்காரர். யாராவது ஒலிப்பதிவை ஓடவிட்டுவிட்டுப் பேசினால் எழுந்து போய்விடுவார். அவர் எனக்கு இரண்டு விதி சொல்லிக் கொடுத்தார். ஒன்று, நாம் பாட்டை ஆராய வந்தவர்கள், பாட்டைச் சுற்றியிருக்கிற இரைச்சலை அல்ல. இரண்டு, ஒலிநாடாவில் எதை வெட்டினாலும், என்ன வெட்டினோம், ஏன் வெட்டினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். இரண்டையும் நான் வேதமாகக் கடைப்பிடித்தேன். முதல் விதி என்னைக் குழியில் தள்ளியது. இரண்டாவது விதி, விழுந்தது எவ்வளவு ஆழமான குழி என்று அளந்து காட்டியது.

விருதுநகரில் ஒரு சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சி இருந்தார். கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் குழாய் கட்டுகிறவர். அவரிடம் ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டர் இருந்தது. போர்க்காலத்தில் அந்த நிகழ்ச்சியை அப்படியே வானொலியிலிருந்து பதிவு செய்து வைத்திருந்தார், விசேஷ வீடுகளில் போடுவதற்காக. பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்து பொத்தானை அமுக்கப் பொறுமை இல்லாததால், அறிவிப்பு, பெயர்ப் பட்டியல், இடையில் வந்த கரகரப்பு என்று எல்லாமே அதில் இருந்தன. இருபது வருடத்துக்கு முன்பு அவர் வீட்டு மாடியிலேயே உட்கார்ந்து, பதினேழு நாடாக்களையும் கணினிக்கு மாற்றினேன். அண்ணாச்சி தினமும் பதநீர் வாங்கித் தருவார். வெயில் மண்டையைப் பிளக்கும். அப்போது கணினியில் இடம் கொஞ்சம்தான். பாட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டினேன். நாடாக்களைப் பத்திரமாக அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அசல்தான் அவரிடம் இருக்கிறதே என்று நிம்மதி. பாட்டுகள் எங்கள் ஆவணக் காப்பகத்துக்குப் போயின. எனக்குப் பாராட்டும் கிடைத்தது.

அண்ணாச்சி காலமான பிறகு, பேத்தி கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மாடியைக் காலி செய்திருக்கிறார்கள். நாடாக்கள் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. குப்பையோடு போய்விட்டன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களிடம் அதன் அருமையை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். கல்யாணப் பத்திரிகை கூட எனக்கு வந்தது. போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன், மாடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாடாக்கள் போன விஷயமே எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது.

இனி போன வருடத்துக்கு வருகிறேன். விருதுநகரில் ஒரு கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பேச்சுக்கு நடுவில், போர்முனைக்குப் போனவனை நினைத்து வீட்டிலிருப்பவள் பாடுவதாக அமைந்த ஒரு பாட்டைப் போட்டேன். தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்கள் மிக அதிகமாகக் கேட்ட பாட்டு இதுதான் என்று சொல்லி, அவர்களுடைய நாட்டுப்பற்றைப் பற்றி நாலு வார்த்தை அழகாகப் பேசினேன். கைதட்டினார்கள்.

கூட்டம் கலையும்போது, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி மேடைப் படியருகே வந்து நின்றார். அந்தக் கல்லூரியில் படிக்கிற மகளோடு வந்திருந்தார். பெயர் முத்துலட்சுமி. தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறார். தீபாவளிக்கு முந்தின சீசன் நேரம், லீவு கிடைப்பதே அபூர்வம். மகள் நோட்டீஸைக் காட்டியதும் கேட்டுக் கேட்டு ஒரு நாள் லீவு வாங்கி வந்திருக்கிறார்.

“டீச்சர், அந்தப் பாட்டுக்கு முந்திப் பேரு வாசிப்பாகள்ல, அதப் போடலையே?”

“அது நேரம் ஆகும்மா, அதனாலதான்...”

“அதுல எங்க ஆத்தா பேரு வரும். சீனியம்மாள்னு. தாயில்பட்டி சீனியம்மாள்.”

அவர் நின்றுகொண்டே சொன்னது இது. போர் நடந்தபோது அவர் தொட்டில் பிள்ளை. அம்மா தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தார். கம்பெனியிலிருந்து போட்ட கார்டு வானொலியில் வந்த அன்று, வேலையை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் ஆபீஸ் வாசலில் கூடிக் கேட்டார்களாம். ஐந்தாறு வருடம் கழித்து அதே கம்பெனியில் தீப்பிடித்தது. அம்மா அதில் போனார். அடையாளம் காட்டக்கூட முகம் இல்லை. ஒரு போட்டோ கிடையாது. அம்மா கைப்பட எழுதியது என்று ஒன்றும் கிடையாது, எழுதப் படிக்கத் தெரியாதவர்.

“எங்கய்யா சாகுறவரைக்கும் சொல்லுவாரு, ஒங்காத்தா பேர ரேடியோவுல சொன்னாகன்னு. அந்த சவுண்ட் சர்வீஸ்காரரு எங்கிட்ட டேப்புல இருக்கு, வந்து கேளுங்கன்னு சொன்னாராம். போகணும் போகணும்னே இருந்துட்டாரு. நீங்க அந்த டேப்பத்தான் போடுறீகன்னு நோட்டீசுல போட்டிருந்துச்சு. அதான் வந்தேன்.”

பிள்ளைகளே, அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது, ‘பார்க்க வேண்டும், இருக்குமா என்று தெரியாது’ என்பதுதான். ஆனால் சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். மேடையில் அப்போதுதான் கைதட்டல் வாங்கியிருந்தேன். “அசல் பதிவில் கண்டிப்பாக இருக்கும்மா. நானே உங்க வீட்டுக்கு வந்து போட்டுக் காட்டுறேன்” என்று சொல்லிவிட்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அதைச் சொல்லவும் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் அண்ணாச்சியின் மகனுக்குப் போன் செய்தபோதுதான் வெள்ளையடித்த கதை தெரிந்தது. காப்பகத்தில் பாட்டு நேராக முதல் வாத்தியத்தில் தொடங்கியது. என் பழைய கணினி எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. கடைசியாக அலமாரியில் அந்த வெட்டு நோட்டைத் தேடி எடுத்தேன். நான்காம் நாடா, இரண்டாம் பாட்டு. என் கையெழுத்தில் இப்படி இருந்தது: ‘முன்னால் பெயர்ப் பட்டியல். தாயில்பட்டி, தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்கள். 48 விநாடி. ரொம்ப நீளம். ரொம்ப நிதானமாக வாசிக்கிறார். தேவையில்லை. வெட்டியாச்சு.’

அந்தத் ‘தேவையில்லை’யைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அழுகை வரவில்லை. என் மேல் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சீனியம்மாள் என்ற பெயரை என் காதால் கேட்டிருக்கிறேன். கேட்டு, எரிச்சல்பட்டு, ஒரு பொத்தானை அமுக்கி அழித்திருக்கிறேன். தீ விட்டுவைத்ததை நான் விட்டுவைக்கவில்லை.

என் நண்பர் ஒருவர் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறார். கிருபாகரன் என்று பெயர், நல்ல மனிதர். அவரிடம் புலம்பினேன். “இதுக்கா இவ்வளவு கவலைப்படுறீங்க? அதே அறிவிப்பாளர் வேற நாடாவில் எங்கயாவது பேசியிருப்பாரே, அது கொஞ்சம் கிடைச்சாப் போதும். கம்ப்யூட்டருக்குக் குரலைப் பழக்கிடலாம். என்ன பேர் சொல்லணுமோ சொல்லும்” என்றார். வெட்டாமல் விட்டுப்போன துண்டு அறிவிப்புகள் இரண்டு மூன்று காப்பகத்தில் இருந்தன. கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். நான்தான் கொடுத்தேன்.

இரண்டு நாளில் அனுப்பினார். போனில் அமுக்கியதும் அதே கம்பீரக் குரல், அதே பழைய கரகரப்பு: “...தாயில்பட்டி சீனியம்மாள்...” எனக்கு உடம்பு சிலிர்த்தது. முன்னும் பின்னும் அந்தக் காலத்துக்குப் பொருத்தமாக நாலைந்து பெயர்களைக் கிருபாகரனே சேர்த்திருந்தார். இருபது வருடமாக இந்தப் பதிவுகளோடு குடித்தனம் நடத்தியவள் நான். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

போனில் அதை வைத்துக்கொண்டுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். போடுவேனா மாட்டேனா என்று எனக்கே தெரியாது. போட்டால் ஒரு மனுஷி சந்தோஷப்படுவாள், யாருக்கு என்ன நஷ்டம் என்று வெம்பக்கோட்டை வரை ஒரு மனசு சொல்லிக்கொண்டே வந்தது. இன்னொரு மனசு பேசாமல் உட்கார்ந்திருந்தது. பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முத்துலட்சுமி வீட்டுக்குப் போனபோது திடுக்கிட்டுப் போனேன். நான் வருகிறேன் என்று தெருவுக்கே சொல்லியிருந்தார். பக்கத்து வீடுகளிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்திருந்தன. ஏழெட்டுப் பெண்கள் தலைக்குக் குளித்து, விசேஷத்துக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு முக்காலியில் புது ஸ்பீக்கர். மகள் அவளுடைய தோழியிடம் இரவல் வாங்கி வந்திருந்தாள்.

“வாங்க டீச்சர், சாப்பிட்டீகளா? மொதல்ல சாப்பிடுங்க.”

“இல்லம்மா, அப்புறம்...”

“அவுகளுக்குச் சோறா முக்கியம், போடச் சொல்லு புள்ள” என்றது ஒரு மூலையிலிருந்து ஒரு குரல். ராமுத்தாய் என்று பெயர். அங்கிருந்தவர்களில் மூத்தவர். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

மகள் என் போனை வாங்கி ஸ்பீக்கரோடு இணைத்துக் கொடுத்தாள். “ரெடி டீச்சர், நீங்க அமுக்குனாப் போதும்.” முத்துலட்சுமி தரையில், ஸ்பீக்கருக்கு நேராக, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். என் விரல் திரையின் மேல் இருந்தது.

அப்போது ராமுத்தாய் கேட்டார்: “டீச்சரம்மா, எம் பேரும் அதுல வரும்ல?”

“உங்க பேரா?”

“நானும் சீனியும் ஒரே கம்பெனிதான். பக்கத்துப் பக்கத்துல உக்காந்துதான் குச்சி அடுக்குவோம். அன்னைக்கு இருபது பேரு வாசிச்சாரு. எம் பேரு வாசிச்சதும் எல்லாரும் என்னயத் திரும்பிப் பாத்தாக. எனக்கு அப்ப பதினெட்டு வயசு. தீப்பிடிச்ச அன்னைக்குக் காய்ச்சல்னு நான் போகல.”

நான் திருந்திவிட்டதால் உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பொய் போதவில்லை, அவ்வளவுதான். என் போனில் ராமுத்தாயின் பெயர் இல்லை. அந்த அறையில் இருந்த எத்தனை பேருக்கு அக்காவோ சித்தியோ அந்த இருபதில் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைப் போட்டால், ஒருத்திக்குப் பொய்யைக் கொடுத்து மற்றவர்களை இரண்டாம் முறை வெட்ட வேண்டும். விரலை எடுத்துவிட்டேன்.

“இல்லம்மா” என்றேன். “இது நெசமான பதிவு இல்ல. கம்ப்யூட்டர்ல செஞ்ச குரல். நெசமான பதிவு எங்கிட்டதான் இருந்துச்சு. நான்தான் வெட்டித் தூக்கிப் போட்டேன். அசலும் இப்ப இல்ல. எங்கயும் இல்ல.”

முத்துலட்சுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

“எதுக்கு வெட்டுனீக?”

பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்த வரிகளை வாசித்தேன். ‘தேவையில்லை’ என்ற இடம் வந்தது. மழுப்பிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வாசித்தேன்.

“தேவையில்லன்னு எழுதியிருக்கீகளா?”

“ஆமா.”

“எங்க ஆத்தா பேரு எங்கன வந்துச்சு? மொதல்லயா, கடைசியிலயா?”

“தெரியலம்மா. ஞாபகம் இல்ல.”

“தெரியலன்னு சொல்லத்தான் இம்புட்டுத் தூரம் வந்தீகளா?”

“ஆமா.”

பக்கத்திலிருந்த ஒரு பெண், “பேரெல்லாம் ராமுத்தாய் பெரியம்மாவுக்கே தெரியுமே, சொல்லச் சொல்லுவோமா” என்று சமாதானம் செய்யப் பார்த்தார். முத்துலட்சுமி வெடுக்கென்று திரும்பினார். “பேரு எனக்குந்தான் தெரியும். நம்ம சொல்லிக்கிறதுக்கா இம்புட்டு நாளா அலைஞ்சேன்? எங்கிட்டோ இருக்கிற ஒருத்தரு, நம்மள யாருன்னே தெரியாதவரு, எங்காத்தா பேர ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னாரே, அது வேணும்.”

அப்புறம் என் பக்கம் திரும்பி, “அந்த நோட்டுல இன்னொண்ணு வாசிச்சீகளே, நிதானமான்னு” என்றார்.

“ஆமா. ரொம்ப நிதானமா வாசிக்கிறார்னு எழுதியிருக்கேன். எனக்கு எரிச்சல் வர்ற அளவுக்கு நிதானமா.”

“நெசந்தான்” என்றார் ராமுத்தாய். “ஒவ்வொரு பேருக்கும் நின்னு நின்னு சொன்னாரு. தலையில கூடை வச்சுருக்கிறவுகளுக்கு வழி விடுற மாதிரி.”

முத்துலட்சுமி என் கையிலிருந்த நோட்டை எட்டிப் பார்த்தார். “அப்ப அவசரப்படுத்தாமச் சொல்லியிருக்காரு” என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு என்னிடம், “தீப்பிடிச்சதுலருந்து எங்க வீட்டுக்கு எத்தனையோ பேரு வந்துருக்காக டீச்சர். ஆபீசருக, கம்பெனிக்காரக, பேப்பர்காரக. அம்புட்டுப் பேரும் அது செய்வோம் இது செய்வோம்னுதான் சொல்லிட்டுப் போனாக. இல்லைன்னு சொல்லுறதுக்கு வந்த மொத ஆளு நீங்கதான். அதுக்காக ஒங்கள ஒண்ணும் சொல்லல. ஆனா மன்னிப்புன்னு மட்டும் கேட்றாதீக. எனக்குக் குடுக்க மனசு வரல” என்றார்.

நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரை வந்திருந்தது, விழுங்கிவிட்டேன். நம் தொழிலில் நாம் அடிக்கடி மன்னிப்புக் கேட்டுவிட்டு, கொடுக்கிற வேலையை அடுத்தவர் தலையில் கட்டிவிடுகிறோம்.

“அந்தக் கள்ளக் குரல அழிச்சிருங்க. எம் முன்னாலயே அழிங்க” என்றார். அழித்தேன். கிருபாகரனிடமும் போன் போட்டு, அவரிடம் இருப்பதை அழிக்கச் சொன்னேன். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கர் இணைப்பில் இருந்ததால் கிருபாகரன் “ஏன், நல்லாத்தானே இருந்துச்சு” என்றது அறை முழுக்கக் கேட்டது. ராமுத்தாய் மட்டும் சிரித்தார்.

அதற்கப்புறம் சாப்பாடு போட்டார்கள். சாப்பிடாமல் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். கோபத்தோடு பரிமாறிய சோறு. அதைச் சாப்பிட்டதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் என் கற்பனைதான்.

கை கழுவத் தண்ணீர் கொடுக்கும்போது முத்துலட்சுமி கேட்டார்: “இப்ப அந்தப் பாட்ட எடுத்து வச்சுருக்கீகள்ல, வெட்டுன எடத்துல என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லம்மா. பாட்டு நேரா ஆரம்பிச்சிரும்.”

“அப்ப கேக்குறவுகளுக்கு அங்கன ஆளு இருந்தாகன்னே தெரியாதுல்ல?”

“தெரியாது.”

“நாப்பத்தெட்டுன்னு எழுதியிருக்கீகள்ல. அம்புட்டு நேரமும் சும்மா ஓட விடுங்க. சத்தமே இல்லாம. அப்புறம் பாட்டு வரட்டும். அதையாச்சும் செய்யுங்க.”

அப்படியே செய்தேன். காப்பகத்தில் இருக்கிற அந்தப் பாட்டுக்கு முன்னால் இப்போது நாற்பத்தெட்டு விநாடி மௌனம் ஓடுகிறது. கீழே குறிப்பில் என் தவற்றை எழுதியிருக்கிறேன், என் பெயரையும் சேர்த்து. ராமுத்தாய் ஞாபகப்படுத்திச் சொன்ன பதினோரு பெயர்களும், மீதிப் பெயர்கள் தெரியவில்லை என்ற செய்தியும் அதில் இருக்கின்றன. அந்தப் பெண்களின் நாட்டுப்பற்றைப் பற்றி நான் எழுதியிருந்த கட்டுரையில் அந்தப் பகுதியைத் திருத்தியும் வெளியிட்டேன். அவர்கள் அந்தப் பாட்டை ஏன் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது என்று எழுதினேன். ராமுத்தாயிடம் கேட்டதற்கு, “எந்தப் பாட்டுன்னு யாரு பாத்தா? கார்டு எழுதுனவரு எதையோ போட்டாரு. பேரு வந்தாச் சரி” என்றார்.

மாதத்துக்கு இரண்டு மூன்று கடிதம் வருகிறது. பதிவில் கோளாறு, முன்பகுதியில் சத்தம் வரவில்லை, சரிசெய்யவும் என்று. குறிப்பைப் படிக்காமலேயே எழுதுகிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் ஒவ்வொருவருக்கும் நான்தான் பதில் போடுகிறேன். அடுத்த மாதம் முதல் காப்பகம் உங்கள் பொறுப்பு. அந்தக் கடிதங்கள் உங்களுக்கு வரும். காப்பகத்தைப் புதுப்பிக்கிறோம் என்று மேலேயிருந்து யாராவது வருவார்கள், வெற்றிடங்களையெல்லாம் கணினியே தானாக நீக்கிவிடும் என்பார்கள். இந்த ஒன்றை மட்டும் தொடவிடாதீர்கள். பழைய பதிவுகளை எப்படிச் சுத்தம் செய்வது என்று வேறு யாரிடமாவது கற்றுக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ‘தேவையில்லை’ என்று எழுதக் கை போனால், யாருக்கு என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிய பதிவு தயாரானதும் அதை எடுத்துக்கொண்டு மறுபடி தாயில்பட்டிக்குப் போனேன். இந்தத் தடவை கூட்டம் இல்லை. முத்துலட்சுமியும் ராமுத்தாயும் மட்டும் இருந்தார்கள். போனை அவர்கள் முன்னால் வைத்து ஓடவிட்டேன். தெருவில் ஒரு வேன் போனது, எங்கோ ஒரு கோழி கத்தியது. முத்துலட்சுமி கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்குள் எதையோ ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு விநாடி இவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பாட்டின் முதல் வாத்தியம் எழுந்ததும் அவர் கண்ணைத் திறந்து, கையை நீட்டி போனை நிறுத்தினார்.

“போதும் டீச்சர். பாட்டு எங்கனயும் கெடைக்கும்.”